சீன மூலிகைகளின் சூடும் குளிர்ச்சியும்: பார்த்து, தேர்ந்து, காய்ச்சுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீன மருந்துக் கடைக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்ததும் கேட்பது இதைத்தான்: "இது சூடா, குளிர்ச்சியா?" கேள்வியில் தப்பில்லை, அதைக் கேட்கும் நேரம்தான் தப்பு. அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் தொண்டை எரியும்போது இஞ்சிக் கஷாயமும், குளிரில் நடுங்கும்போது செவ்வந்திப்பூத் தேநீரும் குடித்துவிட்டு "சீன மருந்து எனக்கு ஒத்துக்கவில்லை" என்கிறார்கள்.

இங்கே சொல்லப்போவது சின்னத் தொல்லைகளுக்கு மட்டும்: சளி பிடிக்கும் முதல் நாள், வாய்ப்புண், வெயில் களைப்பு, குளிர்ந்த வயிறு. சின்சே, அதாவது சீன வைத்தியர், எழுதித் தரும் மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ளவும் இது உதவும். நாள்பட்ட நோய்க்கு வைத்தியம் பார்க்க உதவாது. இந்தச் சூடு–குளிர்ச்சி என்பது சீன மருத்துவ மரபின் சொந்த அளவுகோல், தெர்மாமீட்டரிலோ ஆய்வகத்திலோ தெரியும் எண் கிடையாது. அந்த அளவுகோலை அதன் விதிப்படி கையாள்வது எப்படி என்பதுதான் நம் பேச்சு.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் ஒரு தாளில், நீங்கள் இப்போது சாப்பிட்டுவரும் ஆங்கில மருந்துகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து எதையும் விடாதீர்கள். 8ஆம் படியில் இந்தத் தாள் இல்லாமல் நகர முடியாது.

அடுத்து பாத்திரம். மண் சட்டி, பீங்கான், கண்ணாடி மூன்றில் எதுவும் சரி. இரும்பு, செம்பு, அலுமினியம் வேண்டாம். மூலிகையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் அந்த உலோகங்களோடு வினைபுரியும்.

கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வேண்டும். ஒரு பிடி செவ்வந்திப்பூ எடையே இருக்காது, ஒரு பிடி வேரோ நல்ல கனம். "பிடி" கணக்கில் போட்டால் ஒரே கஷாயம் ஒவ்வொரு முறையும் வேறு கஷாயமாகிவிடும்.

கடைசியாக, வாங்கும் ஒவ்வொரு பொருளின் சீனப் பெயரையும் கடைக்காரரிடம் கேட்டுப் பொட்டலத்தின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். "ஜின்செங்" என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் என்பது 5ஆம் படியில் வரும்.

2. ஐந்து நிலைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

சூடு, குளிர்ச்சி என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். சீன மருத்துவத்தில் நிலைகள் ஐந்து: ஹான் (கடுங்குளிர்ச்சி), லியாங் (குளிர்ச்சி), பிங் (நடுநிலை), வென் (இளஞ்சூடு), ரெ (சூடு). இவற்றுக்குள்ளும் "சற்று", "மிகவும்" என்று பிரிப்பார்கள்.

ஷி காவ் என்ற ஜிப்சம் மிகவும் ஹான். கசப்பு வேரான ஹுவாங் லியன் ஹான். போ ஹெ என்ற புதினா வகை லியாங். கோஜி, தாமரை விதை, ஃபூ லிங் என்ற காளான் மூன்றும் பிங். சீனச் சிவப்பு இலந்தையும், காயவைத்துப் பழசாக்கிய ஆரஞ்சுத் தோலான சென் பியும் வென். சுக்கு ரெ. சீன இலவங்கப்பட்டையான ரோ குவெய் மிகவும் ரெ.

நடுநிலையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் வீட்டில் நிம்மதியாகப் புழங்கக்கூடியவை பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் பிங் பக்கம் ஒதுங்குவது புத்திசாலித்தனம்.

குடிக்கும்போது கோப்பை எவ்வளவு சூடு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆவி பறக்கும் செவ்வந்தித் தேநீர் குளிர்ச்சிதான், ஐஸ் போட்ட இஞ்சித் தண்ணீர் சூடுதான். குடித்தபின் உடம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே இந்தப் பெயர்.

3. உடம்பைப் பாருங்கள், மூலிகை அப்புறம்

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படி, அவசரத்தில் விட்டுப்போகும் படியும் இதுதான். சூட்டுக்குக் குளிர்ச்சி, குளிருக்குச் சூடு என்பது அடிப்படை விதி. எதிரில் இருப்பது எது என்று தெரியாமல் எதிர்மருந்து எப்படிப் போடுவது?

இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். தாகம் எப்படி? குளிர்ந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கத் தோன்றினால் சூடு. தாகமே இல்லை, குடித்தாலும் வெந்நீர்தான் வேண்டும் என்றால் குளிர். சிறுநீர் தெளிவாக நிறையப் போனால் குளிர், மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனால் சூடு. மலம் இளகினால் குளிரின் பக்கம், வறண்டு இறுகினால் சூட்டின் பக்கம். முகம் வெளுத்துக் கைகால் சில்லென்று இருக்கிறதா, சிவந்து எரிகிறதா? போர்வை தேடுகிறாரா, விசிறி தேடுகிறாரா?

பிறகு நாக்கு. வெளிறிய நாக்கில் வெள்ளைப் படிவம் இருந்தால் குளிர். சிவந்த நாக்கில் மஞ்சள் படிவம் இருந்தால் சூடு. நம்மவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். காலையில் பல் தேய்த்து, நாக்கை நன்றாக வழித்துவிட்டு வந்து "படிவமே இல்லையே" என்பார்கள். காபி குடித்துவிட்டு வந்து "பழுப்பாக இருக்கிறது" என்பார்கள். வெற்றிலை போடுகிறவர் நாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எழுந்ததும், வழிப்பதற்கு முன், எதுவும் குடிப்பதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லா நாக்கும் மஞ்சள்தான்.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கடும் சூட்டில்கூட கைகால் மட்டும் சில்லிட்டுப் போவதுண்டு. மூன்று நான்கு அறிகுறிகள் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அது பதில். பாதிப் பாதியாக இருந்தால் அது கலப்பு நிலை. அங்கே வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுச் சின்சேயிடம் போக வேண்டியதுதான்.

இன்னொரு பொறி இருக்கிறது. மாலையில் உடம்பு காய்கிறது, உள்ளங்கை உள்ளங்கால் எரிகிறது, தூக்கத்தில் வியர்க்கிறது, நாக்கு சிவந்திருக்கிறது, ஆனால் படிவம் குறைவு. இதுவும் சூடுதான், வந்த வழி வேறு. உடம்பின் ஈரம் குறைந்ததால், அதாவது யின் குறைந்ததால், மேலெழும் சூடு. இதற்கு ஹுவாங் லியன் மாதிரிக் கசப்புக் குளிர்ச்சியைக் கொடுத்தால் இருக்கிற ஈரமும் வற்றும். ஈரம் ஊட்டும் இனிப்புக் குளிர்ச்சி வேண்டும்: மை டோங் என்ற கிழங்கு, பாய் ஹெ என்ற லில்லிக் கிழங்கு, பேரிக்காய். "சூடு இருக்கிறதா" என்பதோடு "அது கூடியதால் வந்ததா, குறைந்ததால் வந்ததா" என்பதையும் கேட்க வேண்டும்.

சளிக்கு மட்டும் ஒரு தனிக் கேள்வி. குளிர் நடுக்கம் முன்னால் நிற்கிறது, வியர்வை இல்லை, மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது என்றால் அது காற்றுக்குளிர். காய்ச்சல் முன்னால் நிற்கிறது, தொண்டை வலிக்கிறது, சளி மஞ்சளாக இருக்கிறது என்றால் காற்றுச்சூடு. இரண்டையும் "சளி" என்று ஒரே பெயரில் அழைப்பதால் ஒரே கஷாயம் கொடுத்துவிடுகிறோம்.

4. குணத்தோடு சுவையையும் சேர்த்துப் படியுங்கள்

குணம் திசையைச் சொல்லும், சுவை வேலையைச் சொல்லும். காரம் வெளியே தள்ளும், கலைக்கும். கசப்பு கீழே இறக்கும், உலர்த்தும். இனிப்பு ஊட்டும். புளிப்பும் துவர்ப்பும் பிடித்து நிறுத்தும். உப்பு கட்டியை இளக்கும்.

போ ஹெ, ஹுவாங் லியன், மை டோங் மூன்றுமே குளிர்ச்சிப் பக்கம்தான். முதலாவது காரம், அதனால் சளியின் தொடக்கத்தில் சூட்டை மேல்பக்கமாக வெளியேற்றும். இரண்டாவது கடும் கசப்பு, அதனால் வயிற்றிலும் குடலிலும் தங்கிய சூட்டை இறக்கும். மூன்றாவது இனிப்பு, அதனால் வறட்சிக்கு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. சூட்டுப் பக்கமும் அப்படித்தான்: காரமான குவெய் ஜி (சீன இலவங்கக் குச்சி) வியர்க்க வைக்கும், இனிப்பான ஹுவாங் சி என்ற வேர் வியர்வையைக் கட்டும். சளி பிடித்த முதல் நாளிலேயே "உடம்புக்குத் தெம்பு" என்று ஹுவாங் சி போட்டுச் சூப் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. வந்த காற்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிற மாதிரி அது.

5. எந்தப் பாகம், எப்படிப் பதப்படுத்தியது என்று பாருங்கள்

குணம் செடிக்குரியது என்று நினைப்பவர்கள் இங்கே குழம்புவார்கள். குணம், உங்கள் கையில் இருக்கும் பொருளுக்குரியது.

இஞ்சியை எடுத்துக்கொள்வோம். பச்சை இஞ்சி, ஷெங் ஜியாங், இளஞ்சூடுதான். காரம் மேலே போகும், லேசாக வியர்க்க வைக்கும், குமட்டலை நிறுத்தும். காய்ந்துவிட்டால் கான் ஜியாங், அதாவது சுக்கு. அது சூடு. தோலுக்குப் போகாமல் வயிற்றிலேயே நின்று அங்கே இருக்கும் குளிரை விரட்டும். சுக்கை வெளிப்புறம் கறுக்க வறுத்தால் பாவ் ஜியாங். சூடு இருக்கும், காரம் அடங்கிவிடும், குளிரால் வரும் ரத்தப்போக்கை நிறுத்தப் பயன்படுத்துவார்கள். இஞ்சித் தோல் மட்டும் தனி, அது குளிர்ச்சி, நீர்க்கட்டை இறக்கும். நம் பக்கம் "சுக்குக்குப் புறநஞ்சு" என்று தோலைச் சீவி எறிவோம். சீன மருந்துக் கடையில் அந்தத் தோலுக்கு ஒரு தனி இழுப்பறையே இருக்கலாம். ஆகவே செய்முறையில் "இஞ்சி" என்று இருந்தால் எந்த இஞ்சி என்று கேட்காமல் சுக்கைத் தட்டிப் போடாதீர்கள். சளிக்குப் பச்சை இஞ்சி, சில்லிட்ட வயிற்றுக்குச் சுக்கு.

தி ஹுவாங் இன்னும் தெளிவான உதாரணம். காயவைத்த வேர் (ஷெங் தி ஹுவாங்) குளிர்ச்சி, ரத்தச் சூட்டைத் தணிக்கும். அதே வேரை மது சேர்த்தோ சேர்க்காமலோ திரும்பத் திரும்ப ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் கறுத்துப் பிசுபிசுப்பாகும். அது ஷு தி ஹுவாங், சற்றே இளஞ்சூடு, ரத்தத்தை ஊட்டும் வேலை அதனுடையது. எல்லையைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கே போய்விட்டது பாருங்கள்.

ஜின்செங்கில் பணமும் வீணாகும். ரென் ஷென் சற்றே இளஞ்சூடு. அதை ஆவியில் வேகவைத்துக் காயவைத்த சிவப்பு ஜின்செங், ஹோங் ஷென், அதைவிடச் சூடு. அமெரிக்க ஜின்செங், ஷி யாங் ஷென், குளிர்ச்சி. வாய்ப்புண்ணும் தூக்கமின்மையும் இருக்கிறவருக்கு அன்பாகச் சிவப்பு ஜின்செங் பெட்டி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மூன்றாவதை வாங்கியிருக்கலாம்.

பாகமும் அப்படித்தான். சீன இலவங்க மரத்தின் குச்சி குவெய் ஜி, இளஞ்சூடு, மேல்பரப்புக்கும் கைகாலுக்கும் போகும். பட்டை ரோ குவெய், மிகவும் சூடு, உள்ளே ஆழத்துக்குப் போகும்.

6. நம் வீட்டுப் பட்டியலை அப்படியே கொண்டுவராதீர்கள்

சூடு, குளிர்ச்சி நமக்கும் பழகிய பேச்சு என்பதால் தமிழர்களுக்கு இது சுலபம் என்று தோன்றும். பாதி உண்மை. இஞ்சி, பூண்டு, கிராம்பு, பச்சைப்பயறு எல்லாம் இரண்டு பட்டியலிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கின்றன.

வெந்தயம் இல்லை. நமக்கு அது குளிர்ச்சியின் மறுபெயர், ஊறவைத்துத் தலையில் தேய்ப்போம். சீன மருத்துவத்தில் அது ஹு லு பா: கசப்பு, இளஞ்சூடு, சிறுநீரகப் பகுதியின் குளிரைப் போக்கத் தருவது. கொத்தமல்லியும் அங்கே காரம், இளஞ்சூடு. எது சரி என்று சண்டை போட்டுப் பயனில்லை. இரண்டு மரபுகள், இரண்டு கணக்குகள். ஒரு கஷாயத்துக்குள் இரண்டு கணக்கையும் கலக்காமல் இருந்தால் போதும். சீனச் செய்முறையில் "குளிர்ச்சிக்காக" வெந்தயம் சேர்க்கிறவர்கள் அந்தச் செய்முறை போன திசைக்கு எதிராகத் தள்ளுகிறார்கள்.

7. தனி மூலிகையா, கூட்டா?

சீட்டில் சூடும் குளிர்ச்சியும் சேர்ந்து இருந்தால் சின்சே தவறு செய்துவிட்டார் என்று பொருள் கொள்ளாதீர்கள். ஸுவோ ஜின் வான் என்ற பழைய மாத்திரையில் இரண்டே சரக்கு: கடுங்குளிர்ச்சியான ஹுவாங் லியன் 6 பங்கு, சூடான வூ ஜு யூ என்ற சிறு காய் 1 பங்கு. நெஞ்செரிச்சலுக்கும் புளித்த ஏப்பத்துக்கும் தருவது. மொத்தத்தில் அது குளிர்ச்சிதான். அந்த 1 பங்கு சூடு, கசப்பு வயிற்றைத் தாக்காமல் பார்த்துக்கொள்ளும், தேங்கியதையும் நகர்த்தும்.

சாப்பாட்டிலும் இதே கணக்குதான். நண்டு கடுங்குளிர்ச்சி என்பதால் சீனர்கள் இஞ்சியும் பெரில்லா இலையும் சேர்த்துச் சமைக்கிறார்கள். ஆகவே கூட்டு மருந்தில் ஒவ்வொன்றின் குணத்தையும் எழுதி, அளவையும் பக்கத்தில் எழுதி, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பிடிக்காத ஒரு சரக்கை நீங்களாகவே பொறுக்கி எடுத்தால் அந்தச் சமநிலை போய்விடும்.

8. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

இப்போது 1ஆம் படியில் எழுதிய தாளை எடுங்கள்.

வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து) சாப்பிடுகிறவர்கள்: டாங் குவெய், டான் ஷென் என்ற வேர்கள் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டலாம். ஜின்செங் எதிர்ப்பக்கமாக, வார்ஃபரின் செய்யும் வேலையைக் குறைத்துவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள்: அதிமதுரம் (கான் சாவ்) ஏறக்குறைய எல்லாக் கூட்டிலும் இருக்கும். தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். "எதற்கும் சேரும் நல்ல சரக்கு" என்ற பெயரால் யாரும் இதைக் கணக்கில் வைப்பதில்லை.

ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்கள்: ஹுவாங் லியன், ஜின் யின் ஹுவா (ஹனிசக்கிள் பூ) இரண்டையும் தவிர்க்க வேண்டும். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கடுமையாகலாம் என்பதால் சிங்கப்பூரில் 1978 முதல் பல ஆண்டுகள் ஹுவாங் லியனுக்குத் தடையே இருந்தது. குழந்தை பெற்றவர் பால் கொடுக்கும்போதும் இது பொருந்தும்.

கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இந்த வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே. செவ்வந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒவ்வாதவர்கள் ஜு ஹுவாவை, அதாவது செவ்வந்திப்பூவை, தொட வேண்டாம்.

ஃபூ ஸி என்ற வேர் பெயரளவில் "மிகவும் சூடு" வரிசையில் ரோ குவெய்க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் அதில் அகோனிட்டின் என்ற நஞ்சு இருக்கிறது, இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே எடுக்கும். சரியாகப் பதப்படுத்தி, நீண்ட நேரம் கொதிக்கவைத்தால்தான் நஞ்சு குறையும். சின்சே சீட்டு இல்லாமல் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

9. காய்ச்சுவது

காற்றுக்குளிருக்கு: பச்சை இஞ்சி 10 கிராம், தோலோடு வட்டமாக நறுக்கியது. வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி மூன்று துண்டு. தண்ணீர் இரண்டு கோப்பை. இஞ்சியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெங்காயத்தாளைக் கடைசி மூன்று நிமிடத்தில் போடுங்கள். நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் சேர்க்கலாம், அதுவும் இளஞ்சூடு என்பதால் பொருந்தும். சர்க்கரை நோய் இருந்தால் விட்டுவிடுங்கள். சூடாகக் குடித்து, போர்த்திக்கொண்டு படுங்கள். குவெய் ஜி தாங் என்ற பழைய கஷாயத்தில், குடித்ததும் சூடான நீர்க்கஞ்சி குடிக்கச் சொல்கிறார்கள். அது இதற்கும் பொருந்தும். உடம்பு லேசாகப் பிசுபிசுத்தால் போதும். தொப்பலாக நனைய வேண்டும் என்று போர்வைமேல் போர்வை போடாதீர்கள், அளவு மீறிய வியர்வை உடம்பைத் தளரவைத்துவிடும்.

காற்றுச்சூட்டுக்கு: ஜு ஹுவா 5 கிராம், முசுக்கட்டை இலை (சாங் யெ) 5 கிராம், போ ஹெ 3 கிராம், தண்ணீர் அரை லிட்டர். முதல் இரண்டையும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிறகு பத்து நிமிடம் மெல்லிய தீயில். போ ஹெயைக் கடைசியில் போட்டு மூடி, மூன்று நிமிடத்தில் இறக்குங்கள். அதன் வேலை முழுவதும் மணத்தில் இருக்கிறது. முதலிலேயே போட்டால் வீடு மணக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது. இனிப்பு வேண்டுமானால் கற்கண்டு, அது நடுநிலை. வெதுவெதுப்பாகக் குடிக்கலாம்.

பொதுவிதி ஒன்று: சளியை விரட்டும் மூலிகைகளுக்குக் குறைந்த நேரம், ஊட்டும் வேர்களுக்கு நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ. ஜிப்சம் மாதிரிக் கல் வகைகளை மற்றவற்றுக்கு அரை மணி முன்னாலேயே போட்டுவிட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் காய்ந்த மூலிகையைப் போடாதீர்கள், மேல்தோல் இறுகிச் சாறு உள்ளேயே நின்றுவிடும்.

10. குடித்தபின் பார்த்து மாற்றுங்கள்

மறுநாள் 3ஆம் படியின் கேள்விகளைத் திரும்பவும் கேளுங்கள். நாக்கையும் பாருங்கள், வழிப்பதற்கு முன்.

குளிர்ச்சி அதிகமாகிவிட்டதா என்பதை வயிறு முதலில் சொல்லும்: பசி மந்தம், மலம் இளகல், வயிற்றில் ஒரு சில்லிப்பு. மூலைக்கடைக் குளிர்ச்சித் தேநீரை, லியாங் தேயை, வெயில் காலம் என்று தினமும் குடிக்கிறவர்களிடம் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அதிலுள்ள சரக்குகள் பெரும்பாலும் கசப்புக் குளிர்ச்சி, தினசரிப் பானமாகச் செய்தவை இல்லை. சூடு மிஞ்சினால் வாய் உலரும், உதடு வெடிக்கும், வாய்ப்புண் வரும், மலம் இறுகும், தூக்கம் கெடும்.

இரண்டில் எது தெரிந்தாலும் அன்றோடு நிறுத்துங்கள். எதிர்க் குணத்தை உடனே கொட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஓரிரு நாள் கஞ்சியும் வெந்நீரும் போதும்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, அடங்காத வாந்தி, மூன்று நாளில் இறங்காத காய்ச்சல் இருந்தால் சூடா குளிர்ச்சியா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டெங்கு நடமாடும் ஊரில் மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

காற்றுக்குளிர் இரவோடிரவாகச் சூடாக மாறுவது சாதாரணம். நேற்று நடுக்கமும் மூக்கொழுகலும் இருந்தவருக்கு இன்று தொண்டை எரிந்து சளி மஞ்சளாகியிருந்தால், நேற்று பலித்தது என்பதற்காக அதே இஞ்சிக் கஷாயத்தைத் தொடராதீர்கள். சட்டியில் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட்டு, ஜு ஹுவா பொட்டலத்தை எடுங்கள்.